கத்தரி அக்காவின் பெல்ட் கிரைண்டர்

கத்தரி அக்காவிடம் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தால் தலையைக் கொடுக்கலாம், வாயைக் கொடுக்கக் கூடாது. நான் பல வருஷமாக இரண்டையும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கதை எனக்குத் தெரியும். பாதியை அவர் சொன்னார். மீதியை அவருடைய புருஷன் அடுத்த அறையிலிருந்து மறுத்துக்கொண்டே சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடந்தது ஏறக்குறைய விளங்கிவிடும்.

வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு சுழல் நாற்காலி, சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. வீட்டில் எதைப் பார்த்தாலும் பிரித்து மாட்டும் அக்கா அதை மட்டும் தொட்டதில்லை. "ஆடுற பெஞ்சுல உக்காந்தா எவனும் தூங்க மாட்டான்" என்பது அவர் கட்சி.

கடை வைப்பதற்கு முன்னால் ஒரு பெரிய அழகு நிலையத்தில் வேலை பார்த்தார். அங்கே ஒரு முடி உலர்த்தி சோம்பலாகக் காற்று விடுகிறது என்று அதைப் பிரித்து, உள்ளே ஏதோ மாற்றி, திரும்ப மாட்டினார். மறுநாள் ஒரு பணக்கார அம்மாவின் தலையில் அதை வைத்து அழுத்தியதும் அந்த அம்மாவின் சவுரி கழன்று பறந்து கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. அது சவுரி என்பது அதுவரை அந்த அம்மாவின் கணவருக்கே தெரியாதாம். அதற்குப் பிறகு தானே வேலையை விட்டதாக அக்கா சொல்வார். "துரத்திட்டாங்க" என்று அடுத்த அறையிலிருந்து குரல் வரும்.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் புருஷன் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். தெருவில் அவருக்கு மைக் அண்ணன் என்று பெயர். ஆள் குள்ளம், வயிறு முன்னால் நடக்கும், அவர் பின்னால் வருவார். ஆனால் வாயைத் திறந்தால் கோயில் மணி தோற்றுப்போகும். பஸ் தாமதம் என்று அவர் சொன்னால் பயணிகளுக்குக் கோபம் வராது. இன்னும் கொஞ்சம் தாமதமாகட்டும், இன்னொரு தரம் சொல்லட்டும் என்று தோன்றும். அந்தக் குரலில் பொய் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கதையே அதைப் பற்றித்தான்.

ஆனால் அது ஆரம்பித்தது ஒரு கத்தரிக்கோலில்.

அக்காவிடம் நாலைந்து கத்தரிக்கோல் இருந்தாலும் ஒன்றுதான் செல்லம். மெல்லிய, நீளமான கத்தரி. மூடும்போது சத்தமே வராது. அது மழுங்கியதும், மோட்டார் பைக்கில் சுற்றிவரும் சாணைக்காரரிடம் கொடுத்தார். அவர் கசாப்புக் கத்தி, தகரம் வெட்டும் கத்தரி, தோட்டத்து அரிவாள் எல்லாவற்றையும் ஒரே கல்லில், ஒரே வேகத்தில், ஒரே முகத்தோடு தீட்டுபவர். செல்லத்தையும் அப்படித்தான் தீட்டினார்.

"என்னண்ணே இது, நுனியெல்லாம் நீலமா இருக்கு?"

"அது பாலிஷும்மா."

"சூடு ஏறிப் பதம் போனா நீலமாகும். பாலிஷாமே பாலிஷ்!"

"வேணும்னா இன்னொரு பக்கத்தையும் நீலமாக்கித் தரேன். ஜோடியா இருக்கும்."

அந்த நீலக் கத்தரியில் முதலில் மாட்டியது என் தலை. அது முடியை வெட்டவில்லை. மடித்து, யோசித்து, பிறகு பிடுங்கியது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அக்கா கத்தரியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இனிமே இத வேற எவன் கையிலயும் கொடுக்கிறதில்ல" என்றார். பாதி வெட்டிய தலையோடு நான் நின்றுகொண்டிருந்ததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

சில நாளில் ஒரு பார்சல் வந்தது. மைக் அண்ணன்தான் வாங்கிக்கொண்டார்.

"என்ன இது, இந்தக் கனம் கனக்குது?"

"கிரைண்டர்."

"சமையல்கட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே?"

"அது அரைக்கும். இது தேய்க்கும்."

"என்னைத் தேய்க்கிறது பத்தலையா?"

சின்ன பெல்ட் கிரைண்டர் அது. ஒரு விரல் அகலத்தில் உப்புத்தாள் நாடா. முனையில்லாமல் வளையமாக ஒட்டியிருக்கும். மேலும் கீழுமாக இரண்டு மூன்று சக்கரங்கள் மேல் அது சுற்றும். நடுவில் அதற்கு முதுகு கொடுக்க ஒரு தகடு. கத்தியோ கத்தரியோ அந்த இடத்தில் வைத்துப் பிடித்தால் கூராகும். கூடவே வந்த தாளில் ஒருவன் கண்ணாடி போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஒரு கையால் தீட்டிக்கொண்டிருந்தான். அவன் சிரிப்பை நம்பியது அக்காவின் முதல் தப்பு.

வீட்டின் பின்னறையில்தான் அவருடைய பட்டறை. துணி துவைக்கும் இடமும் அதுவே. பழைய கதவு ஒன்றை இரண்டு இரும்பு அலமாரிகள் மேல் படுக்கப்போட்டு மேசையாக்கியிருந்தார். தலைக்கு மேல் கொடியில் துணி காயும். மேசையில் கிரைண்டரைத் திருகி இறுக்கி, ஒரு வீணாய்ப்போன கத்தரியை வைத்துச் சுவிட்சைப் போட்டார்.

கொசுவுக்கு ஒலிபெருக்கி கொடுத்த மாதிரி ஒரு சத்தம். தகடு தகரம்தான், அழுத்தியதும் உள்வாங்கிக்கொண்டது. பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கியது, இன்னும் ஒதுங்கியது, அப்புறம் கோபித்துக்கொண்டு கிளம்பியது. நேரே போய்க் கொடியில் காய்ந்துகொண்டிருந்த மைக் அண்ணனின் சீருடைக் கால்சட்டையின் பின்பக்கத்தில் இடித்து விழுந்தது. எடுத்துப் பார்த்தால் துணி வட்டமாகத் தேய்ந்து, இழையெல்லாம் தெரிந்து, நல்ல காற்றோட்டம். அக்கா அதை மடித்து அடுக்கில் வைத்துவிட்டார். அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு எத்தனையோ தரம் வேலைக்குப் போய்வந்தார். அவர் வேலை முழுக்க உட்கார்ந்து பார்ப்பது என்பதால் மானம் தப்பியது.

வேறொருவராக இருந்தால் மெஷினைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அக்காவுக்கோ, ஒரு சாமான் சரியாக வேலை செய்யாதபோதுதான் அதன்மேல் பிரியம் வரும். பெல்ட் ஏன் ஒதுங்குகிறது என்று மேசைக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். கையால் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததில், சக்கரத்தின் மேடான இடத்தைப் பார்த்துத்தான் பெல்ட் ஏறுகிறது என்று பிடிபட்டது. மேல் சக்கரத்தின் நடுவில் டேப்பைச் சுற்றி லேசாக மேடு கட்டினார். பெல்ட் நல்ல பிள்ளையாக நடுவுக்கு வந்து உட்கார்ந்தது. குளியலறைக்குப் போட்டது போக மிஞ்சிய டைல்ஸில் ஒரு துண்டை வெட்டித் தகட்டின் மேல் பசை போட்டு ஒட்டினார். இனி அது உள்வாங்காது. கத்தரியை ஒரே சாய்வில் பிடிக்க ஒரு கதவுக் கீலை எடுத்து, ஒரு இலையை மேசையில் திருகி, இன்னொரு இலையில் கத்தரியைக் கவ்வும் ஒரு பிடி செய்தார். அந்தக் கீல் எந்தக் கதவிலிருந்து வந்தது என்பது, அண்ணன் குளிக்கப் போய்க் கதவைச் சாத்த முயன்றபோது தெரிந்தது.

இவ்வளவும் செய்து தீட்டினால், மறுபடியும் நீலம்.

"வேகம்" என்றார் அக்கா தனக்குத்தானே. "கழுதை ஓடற வேகம்தான் பிரச்சனை."

அந்த வட்டாரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர் ஒருவர் இருந்தார். எதையும் தன் உறவுக்காரர்களோடு ஒப்பிட்டால்தான் அவருக்குப் பேச்சு வரும். அக்கா கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குப் போனார்.

"வேகத்தக் குறைக்க வழி இருக்கா?"

"இதுக்கு ரெண்டே நிலைதான்கா. ஓடும், இல்லேன்னா நிக்கும். என் மச்சான் மாதிரி. சாப்பாடுன்னா ஓடி வருவான், வேலைன்னா நின்னுடுவான்."

"ஃபேன் ரெகுலேட்டர் போட்டா?"

"புகை வரும். அப்புறம் நான் வருவேன். அப்புறம் நீங்க அழுவீங்க."

"அப்ப என்னதான் பண்றது?"

"மோட்டாரையே மாத்தணும். மெதுவா ஓடினாலும் பலம் குறையாத மோட்டார் இருக்கு. ட்ரெட்மில்லுல வைப்பாங்க பாருங்க, அது. ஆளு ஏறி நின்னாலும் அசராம இழுக்கும், என் மாமியார் குடும்பத்த இழுக்கிற மாதிரி. ஆனா தனியா கிடைக்காதுக்கா. யார் வீட்டுலயாவது சும்மா கிடந்தாத்தான் உண்டு."

அக்காவின் இடது கண் கொஞ்சம் சுருங்கியது என்று காயில் கட்டுபவர் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அக்கா வீட்டிலேயே ஒரு ட்ரெட்மில் இருந்தது. அது வந்த கதை இது. மைக் அண்ணனின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, "நடங்க, இல்லேன்னா படுத்துடுவீங்க" என்று சொல்லிவிட்டார். "எங்க நடக்கிறது? ரோட்டுல வண்டி, ஓரத்துல நாய், நடைபாதையில கடை" என்று அண்ணன் நியாயம் பேசினார். அதைக் கேள்விப்பட்ட அண்ணனின் கூடப்பிறந்த அக்கா, தன் வீட்டுக்குப் புது ட்ரெட்மில் வாங்கிக்கொண்டு பழையதைத் தம்பி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அந்த அம்மா தினமும் விடிவதற்குள் எழுந்து ஓடுகிறவர். ஓடாத மனிதர்களை அவர் பார்க்கும் பார்வையில் அனுதாபம் இருக்கும். அதைவிடத் திட்டினால் தேவலை.

படுக்கையறையில் பீரோவுக்குப் பக்கத்தில் அது இடம் பிடித்தது. வந்த அன்று அண்ணன் அதில் நடந்தார். மறுநாள் கொஞ்சம் நடந்து, நிறைய மூச்சு வாங்கினார். அடுத்த நாள் ஈரத் துண்டை அதன் கைப்பிடியில் போட்டார். துண்டுக்குத் துணையாகச் சட்டை வந்தது, சட்டைக்குத் துணையாகக் கால்சட்டை வந்தது. ஆனால் காலையில் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வது மட்டும் நிற்கவில்லை. உள்ளே பாட்டுச் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்துக் கழுத்தில் துண்டோடு வெளியே வந்து, அந்தக் குரலில், "இன்று காலை, அரை மணி நேர நடைப்பயிற்சி, வெற்றிகரமாக நிறைவுபெற்றது" என்பார்.

அக்காவுக்குச் சந்தேகம் இருந்தது. நடக்கிற பட்டையில் தூசி படிந்திருந்தது, காலடியே இல்லாத தூசி. ஆனால் புருஷனைக் கையும் களவுமாகப் பிடிக்க அவருக்கு நேரம் இல்லை. இப்போது மோட்டார் தேவைப்பட்டது.

ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து, படுக்கையறைக்குத் திருப்புளியோடு போனார். முதலில் கைப்பிடியில் தொங்கிய துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில், வரிசை மாறாமல் வைத்தார். முன்பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு மோட்டார், நல்ல பூசணிக்காய்க் கனம், பக்கத்தில் அதை ஆட்டிவைக்கும் மின்சுற்றுப் பலகை. இரண்டையும் எடுத்தார். கைப்பிடியில் சின்னக் கயிற்றில் ஒரு சிவப்புச் சாவி செருகியிருந்தது. நடக்கிறவன் அதைச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால் சாவி பிடுங்கிக்கொண்டு மெஷின் நின்றுவிடும். அதையும் எடுத்தார். மூடியை மாட்டி, துணிகளை அதே வரிசையில் திரும்பத் தொங்கவிட்டார். கோடு போட்ட சட்டையின் ஒரு கை உள்பக்கம் மடிந்திருந்ததே, அதையும் மடித்துவிட்டார்.

காயில் கட்டுபவர் வீட்டுக்கே வந்து வயர்களை இணைத்துக் கொடுத்தார்.

"எங்கக்கா கிடைச்சுது?"

"வீட்டுலதான் சும்மா கிடந்துச்சு."

"அப்ப அண்ணன் நடக்கிறதில்லையா?"

"தினமும் நடக்கிறாரு."

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். திரும்ப எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார். குடும்ப விஷயத்தில் அவருக்கு அனுபவம் இருந்தது.

இப்போது கிரைண்டருக்கு ஒரு திருகு இருந்தது. அதைத் திருப்பினால் பெல்ட் ஆமை மாதிரி ஊர்வது முதல் பழைய வெறி வரைக்கும் எந்த வேகத்திலும் ஓடும். சிவப்புச் சாவியை அக்கா தன் ஏப்ரனில் மாட்டிக்கொண்டார். சட்டென்று பின்வாங்கினால் மெஷின் தானாக நின்றுவிடும். சொரசொரப்பான பெல்ட்டில் ஆரம்பித்து, மெல்லியது, அதைவிட மெல்லியது, கடைசியில் தோல் பெல்ட் என்று மாற்றி மாற்றி ஓட்டினார். நீலமான நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத் தள்ளி, அடிக்கடி தண்ணீரில் நனைத்து, விரல் வைத்துச் சூடு பார்த்துத் தீட்டினார். செல்லம் முன்பைவிடக் கொஞ்சம் குட்டையானது. ஆனால் நனைத்த டிஷ்யூ தாளை அதற்குள் வைத்து மூடியபோது தாள் கசங்கவில்லை, இழுபடவில்லை. இரண்டாகப் பிரிந்து விழுந்தது.

பின்னறையிலிருந்து அக்கா போட்ட கூச்சலில் முன்னறைப் பெஞ்சில் ஆடிக்கொண்டிருந்தவர் எழுந்து ஓடிவிட்டார்.

சத்தம் கேட்டுப் பார்க்க வந்த மைக் அண்ணனுக்கும் மெஷினைப் பிடித்துவிட்டது. திருகைத் திருப்பி வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்.

"பரவாயில்லையே, என்னமா இழுக்குது! எங்க புடிச்ச இந்த மோட்டார?"

"பழசுதான். யாரும் பயன்படுத்தாம கிடந்துச்சு."

"பாவி ஜனங்க. நல்ல சாமான வாங்கிச் சும்மா போட்டு வைப்பாங்க."

அக்கா ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே வியர்வை ஒன்றும் இல்லை.

அவர் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தாராம். ஆனால் மறுநாள் காலை கழுத்தில் துண்டோடு அண்ணன் வந்து நின்று, வெற்றிகரமாக நிறைவுபெற்றதை அறிவித்ததும், இது எவ்வளவு தூரம் போகிறது பார்ப்போம் என்று ஒரு ஆசை வந்துவிட்டது. அக்காவே ஒத்துக்கொள்வார், அது நல்ல ஆசை இல்லை என்று. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் எதையும் நான் பார்க்கவில்லை.

"இன்னைக்கு எவ்வளவு தூரம்ங்க?"

"நல்ல தூரம்."

"மெஷின் ஒழுங்கா ஓடுதா?"

"லேசா ஒரு சத்தம் வருது."

"அப்படியா? எங்க இருந்து?"

"மோட்டார்ல இருந்து."

"எண்ணெய் போட்டுப் பாக்கவா?"

"வேணாம் வேணாம், நானே பாத்துக்கிறேன்."

இப்படியே போனது. அண்ணன் வெறும் பொய்யோடு நிற்கவில்லை. அதற்கு அலங்காரம் செய்தார். இன்று மேட்டில் ஏறுகிற மாதிரி வைத்து நடந்தேன் என்றார். கணுக்கால் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டார். மறுபடி டாக்டரம்மாவிடம் போனபோது எடை கூடியிருந்தது.

"தினமும் நடக்கிறீங்களா?"

"தவறாம, டாக்டர்."

"அப்ப வேகம் பத்தல. வேகத்தக் கூட்டுங்க."

"கூட்டிடறேன் டாக்டர்."

கூட வந்திருந்த அக்கா மெதுவாகக் கேட்டார். "மோட்டார் தாங்குமா டாக்டர்?"

டாக்டரம்மா அது இதயத்தைப் பற்றிய கேள்வி என்று நினைத்துக்கொண்டு, தாங்கும், பயப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார்.

இதற்கிடையில் கிரைண்டர் ஊருக்குள் பெயர் எடுத்துவிட்டது. மற்ற முடி வெட்டும் கடைக்காரர்கள் கத்தரிகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். தையல்காரர் வந்தார். கடைசியில் சாணைக்காரரே ஒரு நாள் வந்து, பின்னறை வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாலிஷ் வரலியேம்மா" என்று குறை சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் ட்ரெட்மில் அனுப்பிய நாத்தனார் வந்தார். ஏதோ வேலையாக வந்தவர், இரண்டு நாள் தங்குவதாகச் சொல்லிப் பெட்டியை இறக்கினார். பெட்டியின் மேலேயே ஓட்டக் காலணி கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அண்ணனுக்கு முகம் சாம்பல் பூத்தது. அக்கா போய்ப் பின்னறைக் கதவைச் சாத்தினார். இரண்டு பேருக்கும் இரண்டு காரணம். ஒருவர் காரணம் ஒருவருக்குத் தெரியாது.

மறுநாள் விடிந்ததும் நாத்தனார் காலணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுக்கையறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, எழுந்திரு. இன்னைக்கு நான் முதல்ல, அப்புறம் நீ."

"அக்கா, இன்னைக்கு மெஷினுக்கு விடுமுறை..."

"மெஷினுக்கு என்னடா விடுமுறை? துணிய எடு."

துணிகள் கட்டிலுக்குப் போயின. நாத்தனார் ஏறி நின்று பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். கைப்பிடியைப் பார்த்தார்.

"சிவப்புச் சாவி எங்க?"

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தொழில்நுட்பக் காரணங்களால்" என்று ஆரம்பித்தார்.

"என்கிட்டயே அறிவிப்பா? சாவி இல்லாம எப்படிடா நேத்து நடந்த?"

"நேத்து இருந்துச்சுக்கா."

நாத்தனார் குனிந்து முன்பக்க மூடியைத் தட்டினார். காலி டப்பாச் சத்தம் வந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தார். அண்ணனும் எட்டிப் பார்த்தார். மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாக்ஸ் கிடந்தது, அவ்வளவுதான்.

"அடப்பாவி! மோட்டார யாரோ திருடிட்டான்!" அந்தக் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. எனக்கும் கேட்டது. "இந்தா, இங்க வா! வீட்டுல திருட்டு!"

அக்கா வாசலில் வந்து சாய்ந்து நின்றார்.

"எப்பங்க போச்சு?"

"எனக்கென்ன தெரியும்?"

"நேத்துக் காலையில நடந்தீங்களே, மேட்டுல ஏறி. அப்ப இருந்துச்சுல்ல? அப்படின்னா நேத்துக் காலைக்கும் இன்னைக்குக் காலைக்கும் நடுவுலதான் எவனோ வந்திருக்கான். நான் முழுக்க வீட்டுலயேதான இருந்தேன்?"

எந்தப் பக்கம் காலை வைத்தாலும் வழுக்கும் என்று அண்ணனுக்கு விளங்கத் தொடங்கியது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். அங்கே ஒரு மூலையில் சிரிப்பு ஒளிந்திருந்தது. பிறகு மெல்லத் திரும்பி, பின்னறைப் பக்கம் பார்த்தார்.

நாத்தனார் அவருக்கு முன்னால் அங்கே போய்விட்டார். "என் மோட்டார்!" என்று உள்ளேயிருந்து கத்தினார். "என் சாவி!"

அடுத்து நடந்த சண்டையில் யார் எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. கொடுத்த பொருளைப் பிரித்துப் போட்டதற்காக நாத்தனார் அக்காவைத் திட்டினார். பொய் சொன்னதற்காக இரண்டு பேரும் அண்ணனைத் திட்டினார்கள். தன்னை ஒரு மாதமாகக் கோமாளியாக்கியதற்காக அண்ணன் அக்காவைத் திட்டினார்.

"தெரிஞ்சுக்கிட்டே தினமும் என்கிட்டக் கேட்டிருக்கியே, மெஷின் ஒழுங்கா ஓடுதான்னு!"

"ஒழுங்காத்தான ஓடுச்சு? நீங்கதான் ஓடல."

"பேசாத! என் உடம்புக்குன்னு வந்த சாமான எடுத்துக் கத்தரிக்கோலுக்குக் கொடுத்துட்ட. நாளைக்கு நான் விழுந்தா?"

அக்காவின் சிரிப்பு அங்கே போனது. "அதைத்தாங்க நானும் கேக்கிறேன். நாளைக்கு நீங்க விழுந்தா? மெஷின் நடக்குதா இல்லையான்னு எனக்கென்ன, நீங்க ஏன் நடக்கல? டாக்டர்கிட்டயும் பொய். உங்க அக்காகிட்டயும் பொய். யாரை ஏமாத்தறீங்க, சொல்லுங்க."

அண்ணன் கட்டிலில், துணிகளின் மேலேயே உட்கார்ந்தார். அப்புறம் பேசியபோது அது அறிவிப்புக் குரலாக இல்லை. மெலிந்த, சாதாரணமான குரல். அதை அக்கா கடைசியாகக் கேட்டது கல்யாணமான புதிதிலாம்.

"காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு கூண்டுல உக்காந்து, அந்த ஊருக்குப் பஸ் கிளம்புது, இந்த ஊருக்குப் பஸ் கிளம்புதுன்னு சொல்றேன். எல்லாரும் போறாங்க. நான் மட்டும் ஒரு இடமும் போறதில்ல. வீட்டுக்கு வந்தும் ஒரு பட்டை மேல ஏறி, சுவத்தப் பாத்துக்கிட்டு, மூச்சு வாங்க நடந்து, கடைசியில இறங்கினா அதே பீரோ பக்கத்துல நிக்கிறேன். அழுகையா வந்துச்சு. அதச் சொன்னா சிரிப்பீங்க."

யாரும் சிரிக்கவில்லை. நாத்தனார் கூட ஓட்டக் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதச் சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?" என்றார் அக்கா கடைசியில்.

"அறிவிப்புல அதெல்லாம் வராதே" என்றார் அண்ணன்.

அன்றைக்கு அவரை அவருடைய அக்கா விடவில்லை. "சரி, சுவத்தப் பாக்க வேணாம். செருப்பப் போடு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேலைக்கு நடத்தியே கூட்டிப்போனார். பஸ் நிலையத்துக்கு இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தபோது முதல் பஸ் கிளம்பியே விட்டது. அறிவிக்க ஆள் இல்லாமலே ஜனங்கள் சரியாக ஏறி உட்கார்ந்துவிட்டார்கள் என்பதில் அண்ணனுக்கு இன்றும் வருத்தம் உண்டு. நாத்தனார் ஊருக்குத் திரும்பும்போது மோட்டாரைக் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு நகவெட்டியையும் ஒரு தையல் கத்தரியையும் எடுத்து நீட்டி, "தீட்டிக் கொடு, வாடகையா வச்சுக்கிறேன்" என்றார்.

அதற்குப் பிறகு மைக் அண்ணன் நடந்துதான் வேலைக்குப் போகிறார், நடந்துதான் வருகிறார். மழை பெய்தால் நடப்பதில்லை. அதில் அவர் கண்டிப்பு. வழியில் உள்ள முடி வெட்டும் கடைகளில் மழுங்கிய கத்தரிகளை வாங்கிக்கொண்டு வந்து, தீட்டியதைத் திருப்பிக் கொடுப்பதும் அவர்தான். ஒவ்வொரு கடையிலும் நின்று ஒரு வாய் தேநீரும் ஊர்வம்பும். எடை இறங்கியதா என்று கேட்டேன். "எடை இறங்கல, தம்பி. ஆனா வயிறு இப்ப என்கூடவே நடக்குது, முன்னால போறதில்ல" என்றார். டாக்டரம்மா நம்பவில்லையாம். நடக்கிறேன் என்று அவர் உண்மையைச் சொல்லும்போதுதான் யாரும் நம்புவதில்லை.

போன வாரம் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். செல்லம் காதோரம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. தோட்டக்காரர்கள் பெரிய பெரிய வேலி வெட்டும் கத்தரிகளைக் கொண்டுவருகிறார்கள், இந்தச் சின்ன மெஷினுக்கு அது தாங்காது, பெரிதாக ஒன்று கட்டலாம் என்று இருக்கிறேன் என்றார் அக்கா. சக்கரத்துக்கு இரும்பு பார்த்துவிட்டாராம். சட்டத்துக்குப் பழைய கட்டில் கால் கிடைத்துவிட்டதாம். கண்ணாடியில் அவருடைய இடது கண் சுருங்குவதைப் பார்த்தேன்.

"தம்பி, உங்க வீட்டுல வாஷிங் மெஷின் இருக்குல்ல?"

"இருக்குக்கா."

"நல்லா ஓடுதா?"

"ரொம்ப நல்லா ஓடுது" என்றேன், அவசரமாக. "தினமும் ஓட்டறோம்."

"ம்" என்றார் அக்கா, என் தலையைத் திருப்பிக்கொண்டே. "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."